சிவபாதம் கழுவிய கிளாஸ்

சனிக்கிழமை காலை பதினொன்றே காலுக்கு, பிரான்சின் சாம்பெய்ன் பகுதியில், லுவெர்னி என்ற சின்ன ஊரில், மதாம் ஒடிலின் சுண்ணக்கல் நிலவறைக்குள், பாரிஸ் உணவகம் ஒன்றில் இருபத்தாறு வருடம் கோப்பை கழுவி ஓய்வு பெற்றிருந்த சிவபாதத்தின் கால்கள் இரண்டும் தரையை விட்டு நான்கு விரற்கடை எழும்பின. அவருடைய மனைவி சுகிர்தமலர் அதைச் சப்பாத்துக்கும் தரைக்கும் நடுவில் தெரிந்த வெளிச்சக் கீற்றை வைத்துத்தான் கண்டுகொண்டாள். மதாம் ஒடிலோ கையிலிருந்த போத்தலை மேசையில் வைத்துவிட்டு, மழை தூறினால் கொடியில் காயும் துணியை எடுக்கப் போகிறவளைப் போல நடந்துபோய், சுவரில் மாட்டியிருந்த கயிற்றை எடுத்து வந்து, ஒரு தலைப்பைச் சிவபாதத்தின் இடுப்பிலும் மறு தலைப்பை மலரின் இடுப்பிலும் கட்டினாள்.

பிழை சிவபாதத்தினுடையதுதான், அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. லுவெர்னியில் ஒரு வழக்கம் உண்டு. சாம்பெய்ன் மதுவைக் குடித்துப் பார்க்க வருகிற வெளியூர்க்காரருக்கு வைக்கும் கிளாஸைச் சோப்புத் தண்ணீரில் முக்கி, அலசாமலே காய வைப்பார்கள். சோப்புப் பிசுக்கு ஒட்டியிருந்தால் குமிழியில் பாதி செத்துப்போகும், பாதிக் குமிழி ஆளைச் சிரிக்க வைக்குமே தவிரத் தூக்காது. தலைமுறை தலைமுறையாக இப்படித்தான் நடந்து வருகிறது, எந்த விருந்தாளியும் அந்த மணத்தைப் பிடித்ததில்லை. ஆனால் இந்த முறை வந்தவர் கோப்பை கழுவுகிறவர் என்பதை யார் கண்டார்கள்? கிளாஸை மூக்கருகே கொண்டுபோனதும் அவர் முகம் சுருங்கிவிட்டது.

"இஞ்சாரும், இதிலை சோப்பு மணக்குது" என்றார் மலரிடம். "சோப்பு பட்டால் நுரை செத்துப் போகுமெண்டு இவையளுக்குத் தெரியாதே? எங்கட ரெஸ்ரோறன்ரிலை இப்பிடி வைச்சிருந்தால் அண்டைக்கே வீட்டை அனுப்பிப் போடுவினம்."

மதாம் ஒடில் மேலே கதவைச் சாத்தப் போயிருந்த நேரம் பார்த்து, மூலைக் குழாயடிக்குப் போனார், சுடுதண்ணீரில் மூன்று தரம் அலசினார், பழக்கம் விடாமல் பையில் கொண்டு திரிந்த வெள்ளைத் துணியால் துடைத்தார், விளக்குக்கு எதிரே பிடித்து ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்துத் திருப்தியானார். இருபத்தாறு வருடம் மற்றவர்களுடைய உதடு பட்ட கிளாஸைக் கழுவியவர், ஒரு துளியாவது குடித்துப் பார்க்காதவர், முதல் தடவையாகத் தனக்கென்று ஒன்றைக் கழுவி, அதில் மதாம் ஒடில் வந்து ஊற்றியதை ஒரே மூச்சில் குடித்தார். அவ்வளவுதான் நடந்தது.

இந்தப் பயணம் மகள் அபிரா கொடுத்த ஓய்வுப் பரிசு. ஒரு பெட்டிக்குள் அட்டைகள் இருந்தன: சனியும் ஞாயிறும் சேர்த்து சாம்பெய்ன் செய்கிற மூன்று வீடுகள், ஓர் இரவுத் தங்கல், ஞாயிறு மாலை ஐந்து மணிக்குத் திரும்பும் ரயில். சிவபாதம் முதலில் வரமாட்டேன் என்றுதான் நின்றார். பாரிஸ் புறநகரான போண்டியில் அவர்கள் இருந்த மூன்றாம் மாடி வீட்டில் சுவரெல்லாம் ஈரம், குளியலறைக் கூரையில் பூஞ்சணம். ஆனாலும் அந்த வீட்டை மாற்ற அவர் சம்மதித்ததில்லை, ஏனென்றால் அந்த வீட்டுத் தொலைபேசி எண்ணைத்தான் அவருடைய தம்பி நேசன் மனப்பாடம் பண்ணி வைத்திருந்தான். இலங்கையின் வன்னியில் கடைசிச் சண்டை நடந்த வருடம், சித்திரை மாதத்தில், அந்த எண்ணுக்குத்தான் நேசன் கடைசியாகப் பேசினான். "அண்ணை, வெளியிலை வந்தவுடனை எடுக்கிறன்" என்றான். அன்றிலிருந்து வேலையில்லாத சனி ஞாயிறுகளில் சிவபாதம் வீட்டை விட்டு அசைந்ததில்லை. அந்த எண்ணுக்கு வரும் அழைப்பைக் கைத்தொலைபேசிக்குத் திருப்பிவிடலாம் என்று அபிரா செய்து காட்டிய பிறகுதான் புறப்பட்டார், வழியெல்லாம் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார்.

நேசன் எடுக்கமாட்டான் என்பது மலருக்குத் தெரியும். பதினைந்து வருடமாகத் தெரியும். சண்டை முடிந்து அடுத்த தை மாதம், பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லாசப்பலில், ஒரு மரக்கறிக் கடையில், முருங்கைக்காய்க் குவியலுக்குப் பக்கத்தில் வைத்து, ஊர்ப் பெடியன் ஜெயசீலன் அவளைக் கண்டு, "அக்கா, அண்ணையிட்டை நீங்கள் பக்குவமாய்ச் சொல்லுங்கோ" என்று தொடங்கிச் சொல்லி முடித்தான். ஷெல் பட்டது. கடற்கரை மணலில் அவனும் இன்னொருவனும்தான் புதைத்தார்கள். அப்போது சிவபாதத்துக்கு இருதய ஒப்பரேஷன் முடிந்து மூன்று கிழமை, அதிர்ச்சி எதுவும் கொடுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். உடம்பு தேறட்டும் என்று மலர் பொறுத்தாள். உடம்பு தேறியதும் ஊரில் மாமி, சிவபாதத்தின் அம்மா, படுக்கையில் விழுந்தார், அவர் கண்ணை மூடட்டும் என்று பொறுத்தாள். பிறகு அபிராவின் சோதனை, பிறகு அபிராவின் கலியாணம், பிறகு இவ்வளவு காலம் ஏன் சொல்லவில்லை என்ற கேள்விக்குப் பதில் இல்லை என்பதே பெரிய காரணமாகிவிட்டது. அந்தத் தை மாதத்திலிருந்து அவள் ஏறினால் மாடிப்படி முனகும், படுத்தால் கட்டில் முனகும். டாக்டரின் தராசு மட்டும் எப்போது ஏறினாலும் ஐம்பத்திரண்டு கிலோ என்று நின்றது.

இனி லுவெர்னிக்கு வருவோம். அந்த ஊர் சிவபாதத்தை எடுத்துக்கொண்ட விதத்தைச் சொன்னால் நம்புகிறவர்கள் நம்பட்டும். நிலவறையை விட்டு வெளியே வரும்போது அவர் முழங்கால் உயரத்துக்குப் போயிருந்தார். மலர் சந்தைக்கு ஆடு கொண்டுபோகிறவளைப் போலக் கயிற்றைப் பிடித்து முன்னே நடக்க, அவர் பின்னாலே காற்றில் வந்தார், தெருவில் விளையாடிய பிள்ளைகள் பந்தை நிறுத்தி வழிவிட்டார்களே தவிர நிமிர்ந்து பார்க்கவில்லை. பேக்கரிக்காரி ஓடிவந்து, நேற்றைய பாண் இரண்டை அவர் கோட்டுப் பைகளில் திணித்து, காய்ந்த பாண் நல்ல பாரம் என்றாள். ஊர்ச்சபைக் கந்தோர் எழுத்தர் சன்னலைத் திறந்து, அவருடைய பெயரையோ நாட்டையோ கேட்காமல், ஐப்பசியில் நாரைகள் தெற்கே போகிற வழி இது, கண்டால் அவற்றுக்கு வழி விடச் சொல்லுங்கள் என்று மட்டும் சொல்லிச் சன்னலைச் சாத்தினார். மலருக்குப் பாரிஸில் இருபது வருடம் பள்ளிக்கூடக் கன்ரீனில் வேலை, பிரெஞ்சு அவள் காதில் தமிழாகத்தான் விழும். இது என்ன விசரர் ஊர் என்று அவள் நினைத்தாள், ஆனால் கத்திக் குழறி ஓடாமல் பாண் கொடுக்கிற விசரர்களைக் கோபிக்கவும் அவளால் முடியவில்லை.

மூன்று மணிக்கு இரண்டாவது வீடு. அட்டையில் மூன்று மணி என்று போட்டிருந்தது, ஆகவே போனார்கள். அங்கே உத்தரத்தின் அடிப்பக்கம் முழுக்க மெத்தை அடித்து வைத்திருந்தார்கள். அந்த வீட்டு முதலாளி, போத்தல்களைக் கழுத்துக் கீழாகச் சரித்து வைத்துத் தினமும் கொஞ்சம் திருப்பி, மண்டியை எல்லாம் கழுத்துக்கு இறக்கி, பிறகு கழுத்தை உறைய வைத்து மண்டியை வெளியே எறிகிற வித்தையை விளக்கினார். கீழே நின்ற மலருக்கு ஒரு தரம் சொன்னதைக் கழுத்தை நிமிர்த்தி மேலே சிவபாதத்துக்கும் மரியாதையாக இன்னொரு தரம் சொன்னார். சிவபாதத்துக்குத் தண்ணீர்தான் கொடுத்தார்கள். ஊர்க்காரருக்கு வழக்கமாக ஒரு மணித்தியாலத்தில் இறங்கிவிடும், இரண்டு மணித்தியாலமும் ஆகலாம், சோறு தின்றால் சரி என்றார்கள். மலர் அதைப் பிடித்துக்கொண்டாள். சாப்பாட்டு மேசையில் அவர் மேலே மிதக்க, அவள் கரண்டியைக் கம்பில் கட்டி ஊட்டினாள். அவர் முழுத் தட்டையும் தின்றுவிட்டு இன்னும் ஒரு முழம் மேலே போனார்.

விடுதியில் ஓர் அறையின் கூரையில் மெத்தை விரித்து, சன்னலுக்கு வலை அடித்து, குடித்து எழும்பும் ஊர்க்காரருக்கென்றே வைத்திருந்தார்கள். சிவபாதம் கூரையில் முதுகு ஒட்டிப் படுத்திருக்க, மலர் கீழே கட்டிலில் மல்லாந்து கிடந்தாள். முப்பது வருடக் கலியாணத்தில் இருவரும் இப்படி முகத்துக்கு முகம் பார்த்துக் கிடந்தது எப்போது என்று அவளுக்கு நினைவில்லை. அவர் முகம் தெளிந்திருந்தது. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"மலர், உடம்பு பஞ்சு மாதிரிக் கிடக்கு" என்றார். "நேசன் வந்துசேர்ற நாள் கிட்டப் போலை ஒரு நினைப்பு. உமக்கு அப்பிடி ஒண்டும் தோன்றேல்லையே?"

"கதையாமல் படுங்கோவன்" என்றாள் அவள். அவள் புரண்டபோது கட்டில் முனகியது.

ஞாயிறு காலை, பாணும் கோப்பியும் கொண்டு மதாம் ஒடிலே வந்தாள். கூரையை ஒருமுறை பார்த்தாள். சிவபாதத்தின் அழுத்தத்தில் மெத்தை அமுங்கிச் சாந்து உதிர்ந்து கொண்டிருந்தது. அவள் மலரை வெளிக்கூடத்துக்குக் கூட்டிவந்து இருத்தினாள்.

"ஒரு நாளாகியும் இறங்காட்டில் அது குடியின்ர வேலை இல்லை" என்றாள் ஒடில். "முதலாம் உலகச் சண்டைக் காலத்திலை எங்கட ஊரிலை ஒரு பெட்டை இருந்தவள். அவளைக் கட்ட இருந்தவன் செத்துப்போனான். ஊருக்கே தெரியும், அவளுக்கு மட்டும் ஒருத்தரும் சொல்லேல்லை, பாவமெண்டு. ஒரு அறுவடை நாள் ஒரு கிளாஸ் குடிச்சாள், எழும்பினாள், கோயில் கோபுரத்துக்கு மேலாலை போனாள், போனவள் போனவள்தான். அதுக்குப் பிறகு இந்த ஊரிலை செத்த செய்தியை ஒருத்தரும் வைச்சிருக்கிறேல்லை. அண்டைக்கே போய், வாசலிலை நிண்டு, முகத்தைப் பாத்துச் சொல்லிப் போடுவம்." அவள் மலரின் கையைப் பிடித்தாள். "உங்கட மனிசன் ஆரும் வருவினமெண்டு எதிர்பாத்துக்கொண்டிருக்கிறாரா?"

"இல்லை" என்றாள் மலர். அந்தப் பொய் வெளியே வந்த வேகத்தில் அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஒடில் கோப்பைகளை எடுத்துக்கொண்டு எழும்பினாள்.

எப்படியாவது ஐந்து மணி ரயில் மட்டும் சமாளித்தால் போதும் என்று மலர் நினைத்தாள். ரயிலுக்குக் கூரை இருக்கிறது, பிறகு வீட்டுக்கும் கூரை இருக்கிறது, பூஞ்சணம் பிடித்த கூரையில் அவர் ஒட்டிக்கொண்டு கிடந்தாலும் உயிரோடு கிடப்பார். சமையல் செய்து கம்பில் கட்டி ஊட்டலாம். அப்படி எத்தனை வருடம் என்றாலும் ஊட்டலாம். ஆனால் ரயிலடிக்குப் போகிற பஸ் குன்றின் மேலே, மூன்றாவது சாம்பெய்ன் வீட்டு வாசலில்தான் நிற்கும். பதினொரு மணிக்குக் குன்று ஏறத் தொடங்கினார்கள். ஊர் ஆண்கள் நாலு பேர் திராட்சைத் தோட்டத்துக் கையுறைகளோடு வந்து கயிற்றைப் பிடித்தார்கள், மதாம் ஒடிலும் பேக்கரிக்காரியும் பின்னாலே வந்தார்கள். சிவபாதத்தின் பைகளில் சுண்ணக்கல், இடுப்பில் இரும்புச் சங்கிலி, கையில் பெரிய சாம்பெய்ன் போத்தல் ஒன்று. நிறைந்த போத்தலைச் சாமி சிலையைப் பிடிப்பது போல நெஞ்சோடு அணைத்தபடி அவர் போய்க்கொண்டிருந்தார்.

குன்றின் உச்சியில் காற்று பிடித்தது. மஞ்சளாகியிருந்த திராட்சை இலைகள் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்தன, கயிறு ஒரு தரம் உதறியது, நாலு பேரில் இரண்டு பேரின் கையுறை கிழிந்து உள்ளங்கை எரிந்தது, மற்ற இரண்டு பேரும் தரையை விட்டு எழும்பிப் பயந்து கையை விட்டார்கள். சுருளாகக் கிடந்த கயிறு முழுவதும் பாம்பு போல ஓடி முடிந்து மலரின் இடுப்பில் வந்து இறுகி நின்றது. மேலே, பனை உயரத்துக்கும் மேலே, சிவபாதம் பைகளிலிருந்த கற்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே போட்டுக்கொண்டிருந்தார்.

"மலர், இஞ்சை சிக்னல் நல்லாய்க் கிடக்கு" என்று கூப்பிட்டார். "கயித்தை இன்னும் கொஞ்சம் விடும். தூரத்து றோட்டெல்லாம் தெரியுது."

விடுவதற்குக் கயிறு இல்லை. நாலு ஆண்களால் பிடிக்க முடியாததை அந்தச் சின்ன மனுசி ஒருத்தி தாங்கி நின்றாள், அவள் குதிகால் ஒரு நூல் கூட எழும்பவில்லை. ஒடில் அவள் கால்களைப் பார்த்தாள், பிறகு முகத்தைப் பார்த்தாள்.

"மண்டி முழுக்க உங்களிட்டைத்தான் கிடக்கு" என்றாள் மெதுவாக. "கயிறு பழசு, அம்மா. கனநேரம் தாங்காது."

இடுப்புக்கு ஒரு சாண் மேலே கயிற்றின் ஒரு புரி அறுந்து சுருண்டதை மலரும் கண்டாள். சொன்னால் அவர் நெஞ்சு வெடிக்கும். சொல்லாவிட்டால் அவர் இல்லை. பதினைந்து வருடம் பக்குவமான வார்த்தைகளாகத் தேடித் தேடி வைத்திருந்தாள், ஒப்பரேஷன் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து காதோடு சொல்ல வேண்டிய வார்த்தைகள், கையைப் பிடித்துக்கொண்டு சொல்ல வேண்டிய வார்த்தைகள். அவற்றில் ஒன்றுகூடப் பனை உயரத்துக்குக் கேட்காது.

"நேசன் இல்லையப்பா" என்று கத்தினாள்.

"என்ன?" காற்றில் அவருக்குக் கேட்கவில்லை. காதுக்குப் பின்னால் கையை வைத்துக் குனிந்தார். "நேசன் என்னவாம்? ஃபோன் எடுத்தவனோ?"

"நேசன் செத்துப் போனான்."

"கேக்கேல்லை மலர். பலமாய்ச் சொல்லும்."

"செத்துப் போனான். நேசன் செத்துப் போனான். ஷெல் பட்டு, கடற்கரையிலை. ஜெயசீலன்தான் மண் போட்டவன். எனக்குத் தெரியும், எனக்கு அப்பவே தெரியும்" என்று அவள் தொண்டை கிழியக் கத்தினாள். குன்றில் நின்றவர்களுக்குத் தமிழில் ஒரு சொல் தெரியாது. ஆனால் இரண்டாவது தடவையிலேயே ஆண்கள் தொப்பியைக் கழற்றிவிட்டார்கள், பேக்கரிக்காரி சிலுவை போட்டுக்கொண்டாள், பஸ்ஸை நிறுத்தியிருந்த சாரதி எஞ்சினை அணைத்தான்.

காதுக்குப் பின்னால் வைத்த கையை அவர் எடுத்தார். பிறகு அந்தப் பெரிய போத்தல் விழுந்து சுண்ணக்கல்லில் உடைந்தது, அதன் பின்னால் சிவபாதம் வந்தார். அவர் மிதந்து இறங்கவில்லை, நேராக, கிணற்றுக்குள் வாளி போவது போல வந்தார். இரண்டு கால்களும் கணுக்கால் வரை வெள்ளை மண்ணில் புதைய நின்றார். அவர் நெஞ்சு வெடிக்கவில்லை. முகம் மட்டும் பதினைந்து வருடத்தை ஒரே தடவையில் வாங்கிக்கொண்டு தொங்கிப் போயிருந்தது.

"எப்பவிலை இருந்து தெரியும் உனக்கு?" என்றார். கலியாணமான நாளிலிருந்து அவர் அவளை 'நீர்' என்றே அழைத்தவர், 'நீ' என்றது இதுதான் முதல் தடவை.

"ஒப்பரேஷன் முடிஞ்ச தை மாசம்."

"அம்மா சாகக் கிடக்கேக்கை ஃபோனிலை கேட்டவ, தம்பி வந்திட்டானோ எண்டு. நீயும் பக்கத்திலை நிண்டனீ."

"நிண்டனான்."

"நான் அவனுக்கு ஒரு விளக்குக் கொளுத்தேல்லை. ஒரு திவசம் செய்யேல்லை. உயிரோடை இருக்கிறவனுக்குச் செய்யக்கூடாதெண்டு, அபிரா கேட்டதுக்கும் ஏசினனான்." அவர் சட்டைப்பையிலிருந்து கைத்தொலைபேசியை எடுத்துப் பார்த்தார், அதை என்ன செய்வதென்று தெரியாமல் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு குந்தி இருந்து, அந்த வெள்ளை மண்ணில் முகத்தை வைத்து, தம்பியின் பெயரைச் சொல்லி அழுதார், ஊரில் செத்த வீட்டில் அழுகிற மாதிரி நெஞ்சில் அடித்து அழுதார். ஒருவரும் அவரைத் தொடவில்லை, தேற்றவும் இல்லை. அந்த ஊரில் அதுவும் ஒரு வழக்கம்.

மலர் அவர் பக்கம் போகத்தான் காலை எடுத்து வைத்தாள். வைத்த கால் தரையில் படவில்லை. மற்றக் காலும் படவில்லை. பதினைந்து வருடம் மாடிப்படியை முனக வைத்த பாரம் அந்தக் குன்றின் காற்றோடு போய்விட்டது, ஒரு துளி குடிக்காத மலர் முழங்கால் உயரம், இடுப்பு உயரம் என்று எழும்பினாள், கைகளால் திராட்சைக் கொடியைப் பிடித்தாள், இலை மட்டும் கையோடு வந்தது.

"இஞ்சாருங்கோ" என்றாள்.

சிவபாதம் நிமிர்ந்து பார்த்தார். கயிறு இருவருக்கும் நடுவில் மெல்ல மெல்ல நிமிர்ந்து கொண்டிருந்தது. அவர் எழும்பி நின்று, இடுப்பில் இருந்த முடிச்சில் கையை வைத்தார். கிளாஸ் கழுவிக் கழுவித் தோல் உரிந்த விரல்களால் அதைச் சிரமப்படாமல் அவிழ்த்தார். கயிற்றுத் தலைப்பு அவர் கையில் தனியாகக் கிடந்தது. ஒடில் ஓரடி முன்னே வைத்துவிட்டுத் திரும்பப் பின்னே வைத்தாள், ஏனென்றால் இந்த இடத்தில் என்ன செய்வது என்று அவள் ஊரில் வழக்கம் ஒன்றும் இருக்கவில்லை.

மலர் கெஞ்சவில்லை. கெஞ்சத் தனக்கு வாய் இல்லை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. மேலிருந்து அவரை மட்டும் பார்த்தாள், நேசனுக்காக அவள் அழாமல் வைத்திருந்த கண்ணீர் அப்போதுதான் வந்தது, அது அவருடைய வழுக்கைத் தலையில் சொட்டுச் சொட்டாக விழுந்தது. அவர் துடைக்கவில்லை.

பஸ் சாரதி எஞ்சினைப் போடவா என்று சைகையால் கேட்டான். சிவபாதம் வேண்டாம் என்று தலையாட்டினார். மண்ணிலிருந்து ஒரு காலை இழுத்து எடுத்தார், பிறகு மற்றக் காலை. கயிற்றுத் தலைப்பை வலக்கை மணிக்கட்டில் ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்று சுற்றுச் சுற்றினார். மேலே பார்க்காமல், ரயிலடிக்கு இறங்கும் ஏழு கிலோமீற்றர் பாதையில், அடி எடுத்து வைக்கும் இடமெல்லாம் பள்ளம் விழ நடந்தார். ஊர்க்காரர் தொப்பியைக் கையில் பிடித்தபடி வழிவிட்டு நின்றார்கள். அவர் கயிற்றை விடவில்லை. அவளைக் கீழே இழுக்கவும் இல்லை.